ஒற்றர் படமும் அங்கதமும்

"நம் மக்களுக்கு அங்கதம் விளங்காது" என்று சொல்லுவோர் நம்மிடையே பலர் உளர். எள்ளல் சுவை மிகுந்த ஒரு நாடகமோ திரைப்படமோ வெளிவந்து, அதற்குக் கூட்டம் சேராமற் போய்விட்டால், உடனே இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். எழுதினவர் அறிவாளி, எடுத்தவர் துணிச்சல்காரர், காசு கொடுத்துப் பார்த்தவர் மட்டும் பாமரர்! இந்த வழக்கை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்பதை, 1986-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'விக்ரம்' என்னும் தமிழ்ப் படத்தைக் கொண்டு மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அதே பெயரில் 2022-இல் வந்த படம் உங்களில் பலருக்குத் தெரியும். நான் சொல்லப் புகுவது பழைய படத்தை.

முதலில் அங்கதம் என்னும் சொல்லைப் பார்த்துவிடுவோம். இது நேற்று உண்டான சொல் அன்று. தொல்காப்பியர் செய்யுளியலிலேயே இதனைக் குறித்திருக்கிறார். குறித்ததோடு நில்லாமல் இரண்டாக வகுத்தும் வைத்திருக்கிறார். ஒன்று செம்பொருள் அங்கதம். முகத்துக்கு நேரே வெளிப்படையாகப் பழித்துரைப்பது. மற்றொன்று பழிகரப்பு அங்கதம். பழிப்பைச் சொற்களுக்குள்ளே மறைத்து வைத்துச் சொல்வது. இரண்டாவதற்குப் புறநானூற்றில் ஒளவையார் பாடிய 95-ஆம் பாட்டைக் காட்டுவது வழக்கம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவைக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினானாம். அங்கிருந்த வேல்கள் மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, பளபளவென்று மின்னின. எம் அரசனுடைய வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் ஒளவையார். மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. எண்ணிப் பார்த்தால் உன் படை போர் கண்டறியாதது என்ற இகழ்ச்சி.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒளவையின் சொல்லைக் கேட்டு அந்த அவையிலே சிலர் நகைத்திருக்கலாம். சிலர் மெய்யாகவே புகழ்ந்துவிட்டார் என்று மகிழ்ந்தும் இருக்கலாம். மறைத்துச் சொல்லும் அங்கதத்துக்கு எக்காலத்தும் உள்ள இடர் இதுதான். கேட்பவர் கையில் ஒரு திறவுகோல் இருந்தாக வேண்டும். பயன்பட்ட வேல் பளபளக்காது என்பது அந்நாளில் எல்லாரும் அறிந்த செய்தியாகையால், ஒளவையார் திறவுகோலைத் தனியே தர வேண்டியிருக்கவில்லை.

இனி, ஒற்றர்கள். திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். துறவி வேடம் பூண்டு, எங்கும் புகுந்து, பிடிபட்டு எவ்வளவு துன்புறுத்தப்பட்டாலும் தளராதவனே ஒற்றன் என்கிறார் வள்ளுவர். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாமல் ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்து வந்தால்தான் நம்ப வேண்டும் என்கிறார். அதிகாரத்தின் முடிவில் அவர் சொல்லும் கருத்து மிக நயமானது. ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால் மறைவாக வைக்க வேண்டியதை நீயே வெளியிட்டவன் ஆவாய் என்பது அதன் பொருள்.

திரைப்படத்து ஒற்றனை இந்த அதிகாரத்துக்கு அருகில் நிறுத்திப் பாருங்கள்! 1962-இல் 'டாக்டர் நோ' என்ற ஆங்கிலப் படத்தில் ஜேம்ஸ் பாண்டு திரைக்கு வந்தார். இரகசிய ஊழியர் என்று பெயர். ஆனால் போகுமிடமெல்லாம் தம் பெயரைத் தாமே இரு முறை சொல்லி அறிமுகம் செய்துகொள்வார். அவர் உண்பது, உடுப்பது, ஓட்டுவது யாவும் ஊரார் கண்ணைப் பறிப்பவை. பகைவனுக்கு அவரைத் தெரியும். விடுதிப் பணியாளுக்கும் தெரியும். வள்ளுவர் விலக்கிய சிறப்பை எல்லாம் ஒருசேரப் பெற்ற ஒற்றர் அவர். எனவே ஒற்றர் படம் என்பதன் அடிவயிற்றிலேயே ஒரு சிரிப்பு ஒளிந்து கிடக்கிறது. அதை வெளியே எடுப்பதற்கு அங்கதக்காரனுக்கு அதிக உழைப்புத் தேவையில்லை.

மெய்யான ஒற்று வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1985 ஜனவரியில் தில்லியில் ஓர் உளவு வழக்கு வெளிப்பட்டது. பிரதமர் அலுவலகம் முதலிய இடங்களின் ஆவணங்கள் அயல்நாட்டார் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. பிரதமரின் முதன்மைச் செயலரே பதவி விலக நேர்ந்தது. அவற்றை வெளியே கடத்தியவர்கள் யார்? கூரை மேல் தாவும் வீரர்கள் அல்லர். கோப்புகளைக் கையாண்ட உதவியாளர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தவை படி எடுக்கும் பொறியும், மாலை நேரத்து ஓய்வும், கொஞ்சம் பணத்தாசையும்தாம். 'விக்ரம்' வெளிவந்தபோது இந்த வழக்குச் செய்தி இன்னும் ஆறாமல் இருந்தது.

உலகத்தில் ஒற்றர்களை எள்ளி எடுக்கப்பட்ட படங்களுள் தலையாயது எதுவென்று என்னைக் கேட்டால், 'ஹவானாவில் நம் ஆள்' என்று பொருள்படும் ஆங்கிலப் படத்தைச் சொல்லுவேன். கிரகாம் கிரீன் 1958-இல் எழுதிய நாவல்; அடுத்த ஆண்டே காரல் ரீடு இயக்கத்தில் படமாயிற்று. கிரீனே ஒரு காலத்தில் பிரிட்டிஷ் உளவுத் துறையில் பணி செய்தவர். ஆகையால் வீட்டுச் செய்தியை வெளியே சொல்லுகிற துணிவு அவருக்கு இருந்தது. கியூபா நாட்டில் தூசி உறிஞ்சும் பொறி விற்கும் ஒரு வணிகரை உளவாளியாக நியமிக்கிறார்கள். அவருக்கோ உளவு ஒன்றும் தெரியாது, பணம் தேவை. தம் கடைப் பொறியின் பாகங்களையே பெரிதாக வரைந்து, மலைக்குள்ளே கட்டப்படும் பயங்கர ஆயுதம் என்று இலண்டனுக்கு அனுப்பி வைக்கிறார். இலண்டன் மேலதிகாரிகள் நடுநடுங்கிப் போகின்றனர்.

படம் பார்ப்பவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்? அந்த வரைபடம் தூசி உறிஞ்சும் பொறி என்பது அவர்களுக்கு முன்னமே தெரியும். மேலதிகாரிகளுக்குத் தெரியாது. திறவுகோல் பார்ப்பவர் பையில் இருக்கிறது. பூட்டின் முன் நின்று திணறுபவர் திரையில் இருக்கிறார். அங்கதம் நிறைவேறிவிட்டது.

தமிழ்நாட்டில் ஒற்றர் கதை திரைக்கு வந்த வரலாற்றையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 1954-இல் ஏ.வி.எம். நிறுவனம் 'அந்த நாள்' என்ற படத்தை வெளியிட்டது. வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கியது, ஜாவர் சீதாராமன் எழுதியது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்ததைப் பின்னணியாகக் கொண்டது. சிவாஜி கணேசன் அதில் ஒரு வானொலிப் பொறியாளர். (வானொலியில் இதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனெனில் அவர்தாம் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் உளவாளி.) அவரைச் சுட்டவர் யார் என்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நடனமும் இல்லை. பத்திரிகைகள் மெச்சின, மத்திய அரசின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது, வசூல் மட்டும் கிடைக்கவில்லை. பாட்டுக்கும் நாயகனுக்குமாகச் சீட்டு வாங்கி வந்த கூட்டம், பாட்டில்லாத படத்தில் நாயகனே துரோகியாய் நிற்பதைக் கண்டு ஏமாந்து போயிற்று. அதில் அங்கதம் இல்லையாயினும், பார்ப்பவரோடு செய்துகொள்ளும் சொல்லப்படாத உடன்படிக்கை என்று ஒன்று உண்டு என்பதற்கு அது நல்ல பாடம்.

பிறகு அறுபதுகளில் பாண்டின் சாயல் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. மாடர்ன் தியேட்டர்சார் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' முதலிய படங்களை எடுத்தனர். அவருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்டு' என்ற பட்டமே நிலைத்தது. 1968-இல் எம்.ஜி.ஆர். 'ரகசிய போலீஸ் 115' ஆக வந்தார். இவை எல்லாம் ஒற்றனை நம்பி எடுக்கப்பட்ட படங்கள். எள்ளி எடுக்கப்பட்டவை அல்ல.

எங்கள் பக்கத்தில் ஒற்றன் இன்னொரு வழியாகவும் வந்தான். நான் சூலக்கரையைச் சேர்ந்தவன். விருதுநகரிலிருந்து சாத்தூர் செல்லும் சாலையில், கரிசல் காட்டின் நடுவே உள்ளது எங்கள் ஊர். அண்டையில் சிவகாசி. சிவகாசி என்றால் தீப்பெட்டியும் பட்டாசும் என்று எல்லாரும் அறிவர். தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும். ஒட்டுச்சீட்டுக்கு அச்சுக்கூடம் வேண்டும். அப்படி வளர்ந்த வண்ண அச்சுத் தொழிலிலிருந்துதான் நாட்காட்டிகளும், சுவரொட்டிகளும், ஒரு நாள் சித்திரக் கதைகளும் புறப்பட்டன. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் இங்கிலாந்தில் ஒரு சிறுவர் வார இதழில் பிறந்த பாத்திரம் அது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மாயாவியும், பின்னர் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகிவிடுகிறார். 1984-இல் சிவகாசியிலேயே லயன் காமிக்சும் தோன்றிற்று. அதே ஆண்டில் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டையே மாணவர் கைக்குக் கொண்டு வந்தது.

இதனால் விளைந்தது யாதெனில், இலண்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத கரிசற்காட்டுச் சிறுவர்கள்கூட, உளவாளிக் கதையின் இலக்கணத்தைத் துளி பிசகாமல் அறிந்திருந்தனர். வில்லன் உடனே கொல்ல மாட்டான். முதலில் தன் திட்டத்தை விளக்குவான். மேலதிகாரி எரிச்சல்காரராய் இருப்பார். உலகம் அழிய எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். ஒன்றுக்கும் சுழிக்கும் இடையில் நின்றுவிடும். அங்கதத்துக்கு ஏற்ற நிலம் இதைவிட எங்கே கிடைக்கும்? மூலத்தை அறிந்தவனே கேலியை அறிவான்.

இத்தகைய சூழ்நிலையில் வந்ததுதான் 'விக்ரம்'. கமல்ஹாசனின் சொந்த நிறுவனமான ராஜ்கமல் தயாரித்தது, ராஜசேகர் இயக்கம், இளையராஜா இசை. கதை எழுதியவர் சுஜாதா. இவரைப் பற்றி ஒரு சொல். இவர் இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளர். நம் நாட்டு மின்னணு வாக்குப் பதிவுப் பொறியை உருவாக்கும் பணியில் பங்கு கொண்டவர். பொறிகளை மெய்யாகவே அறிந்த ஒருவர் தமிழில் ஒற்றர் படம் எழுதியது அரிய வாய்ப்பு. கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. செலவு ஒரு கோடி ரூபாய் அளவு என்று பேசினார்கள். அக்காலத்தில் தமிழ்ப் படத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

கதையின் சுருக்கம் இது. 'அக்னி புத்ரா' என்னும் அணு ஏவுகணையைச் சுகிர்தராஜா என்ற வில்லன் திருடிவிடுகிறான். சத்யராஜ் அந்த வேடத்தை நிதானமான, குளிர்ந்த கொடுமையோடு செய்திருந்தார். மனைவியை இழந்த உளவுத்துறை வீரன் விக்ரம், கணினி அறிந்த பிரீதி என்னும் பெண்ணோடு அதைத் தேடிப் போகிறான். (மெய்யான 'அக்னி' ஏவுகணை முதன் முதலாக ஏவப்பட்டது 1989 மே மாதத்தில். திரைப்படம் மூன்றாண்டு முந்திக்கொண்டது.) போய்ச் சேரும் இடம் சலாமியா. உலகப் படத்தில் எங்கும் காண முடியாத நாடு அது. பாலைவனம், அரண்மனை, ஒரு சுல்தான், ஓர் இளவரசி. சுல்தானாக இந்தி நடிகர் அம்ஜத்கான். இளவரசியாக டிம்பிள் கபாடியா. அந்நாட்டுக்கென்று ஒரு மொழியையே புனைந்திருந்தார்கள். அதைத் தமிழில் பெயர்த்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ்.

படத்தின் முற்பகுதி ஒரு வகை. பிற்பகுதி முற்றிலும் வேறு வகை. முற்பகுதியில் கணினித் திரையும், கொலையும், பழிவாங்கும் வெறியும், விறைப்பான அதிகாரிகளும். கமல்ஹாசனே பாடிய தலைப்புப் பாட்டு, மின்னணு இசைக் கருவிகளின் ஓசையோடு நெஞ்சை நிமிர்த்தச் செய்யும். சலாமியாவில் காலெடுத்து வைத்ததும் எல்லாம் தலைகீழ். ஒற்றன் விருந்தாளியாகிறான், விருந்தாளியை இளவரசி காதலிக்கிறாள், மன்னர் ஒரு மொழியில் முழங்க, மொழிபெயர்ப்பாளர் அதை வேறொரு பாங்கில் நெளித்துச் சொல்லுகிறார். இது பாண்டு படங்களில் வரும் 'கீழ்த்திசைச் சுல்தான் நாடு' என்ற பழைய பொம்மையை நன்றாக நகையாடுவது. மேனாட்டார் நம்மை வைத்துச் செய்த கேலியை நாம் இன்னொரு கற்பனை நாட்டை வைத்துச் செய்து பார்த்தோம். அதை எண்ணினால் இதற்குள் இரட்டைக் கேலி இருக்கிறது. அது முழுக்கக் கருதியே செய்யப்பட்டதா என்று கேட்டால், படத்தைப் பார்த்து நான் கொண்ட கருத்து இது என்பேன். அதற்கு மேல் வாதாடேன்.

மக்கள் இதனை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? படுதோல்வி என்று சொல்வது தவறு. முதல் நாட்களில் கூட்டம் நெருக்கியடித்தது. ஆனால் செய்த செலவுக்கும் எழுப்பிய எதிர்பார்ப்புக்கும் ஏற்ற வெற்றி கிட்டவில்லை. பாட்டுகள் மட்டும் ஊரெல்லாம் ஒலித்தன.

விருதுநகரில் ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை பகற்காட்சியாக நான் இப்படத்தைப் பார்த்தேன். வாரக் கூலி வாங்கிய பட்டாசுத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தனர். ஏவுகணையைச் சுற்றித் துப்பாக்கியோடு ஆட்கள் நடமாடிய காட்சியில், என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, மருந்து இருக்கிற இடத்துல இப்படியா சண்டை போடுவாக?" என்று என்னைக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை, மெய்யாகவே கவலைப்பட்டார். வெடிமருந்தோடு நாளெல்லாம் பழகுகிறவர் அவர். உராய்வு என்ன செய்யும், ஒரு பொறி என்ன செய்யும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். அந்தக் கேள்வியை விடச் சிறந்த திரை விமரிசனத்தை அந்த ஆண்டில் நான் கேட்டதில்லை.

சலாமியா வந்தது. கொட்டகை இரண்டாகப் பிரிந்ததை நான் கண்ணாரக் கண்டேன். முன்வரிசைப் பையன்கள், மாயாவியையும் பாண்டையும் கரைத்துக் குடித்தவர்கள், மொழிபெயர்ப்பாளரின் ஒவ்வொரு நெளிவுக்கும் வயிறு குலுங்கச் சிரித்தனர். பின்வரிசையில் பெரியவர்கள் நாற்காலியில் நெளிந்தனர். "பொண்டாட்டி செத்துப் போனா, இவன் இங்க வந்து கூத்தடிக்கிறானே" என்று ஒரு பெண்குரல் கேட்டது. இடைவேளைக்கு முன் அவன் பட்ட துயரத்துக்கு மெய்யாகவே கண்ணீர் விட்ட குரல் அது.

மாணவர்களே, அந்தப் பெண்மணிக்கு அங்கதம் விளங்கவில்லை என்று சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். படம் முதற்பாதியில் அவரிடம், "இது மெய், இதை நம்பு, இவனோடு அழு" என்றது. அவர் நம்பினார், அழுதார். பிற்பாதியில் அதே படம், "என்ன, நம்பிவிட்டீர்களா? இது விளையாட்டு" என்று கண்சிமிட்டிற்று. தம் கண்ணீர் கேலிக்கு உள்ளாயிற்று என்று அவர் சினந்தது முறையே. ஹவானா வணிகரின் கதையில் முதலிலேயே கொடுக்கப்பட்ட திறவுகோல், இங்கே பாதி வழியில் திடீரென்று கொடுக்கப்பட்டது. சித்திரக் கதை படித்த பையன்களிடம் சொந்தத் திறவுகோல் இருந்ததால் அவர்களுக்கு இடர் இல்லை. ஏனையோர் வாயிலிலேயே நின்றுவிட்டனர்.

இதற்கு மறுப்பாக, "வெளிநாட்டிலும் இத்தகைய படங்கள் தடுமாறவில்லையா?" என்று கேட்கலாம். தடுமாறியதுண்டு. 1967-இல் 'கேசினோ ராயல்' என்ற பெயரில் பாண்டையே கேலி செய்து ஒரு படம் எடுத்தார்கள். இயக்குநர்கள் மட்டும் ஐந்து பேருக்கு மேல். படத்துக்குள் யாரைப் பார்த்தாலும் ஜேம்ஸ் பாண்டு! கூட்டம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் எதைக் கேலி செய்கிறோம் என்பதே படத்துக்கு மறந்து போயிற்று என்று விமரிசகர்கள் குறைகூறினர். ஆக, திறவுகோலைத் தொலைக்கும் பழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று.

தமிழ் மக்களுக்கு அங்கதம் பிடிக்காது என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசன் எதிரிலேயே அரசனை நையாண்டி செய்வான்; விடிய விடிய அமர்ந்து கேட்டவர்கள் நம் முன்னோர். சோ எழுதிய 'முகமது பின் துக்ளக்' 1968-இல் நாடகமாகி, 1971-இல் எதிர்ப்புகளைத் தாண்டிப் படமாகவும் வந்து மக்களை ஈர்த்தது. பதினான்காம் நூற்றாண்டு மன்னன் இக்காலத்தில் உயிர்பெற்று அரசியலில் இறங்குகிறான் என்றதுமே, எவ்வகைக் கதை இது என்பது எவருக்கும் விளங்கிவிடுகிறது. 2006-இல் சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' பெருவெற்றி பெற்றது. வடிவேலு மகுடம் சூடி நின்ற கோலத்தைப் பார்த்தாலே போதும், வேறு விளக்கம் எதற்கு? 2010-இல் 'தமிழ்ப் படம்' தன் பெயரையே திறவுகோலாக்கிக்கொண்டது. எல்லாத் தமிழ்ப் படங்களையும் கேலி செய்த அதனை, அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களே கொண்டாடினர்.

இம்மூன்றிலும் பொதுவாக ஒன்றைக் காணலாம். கேலி எங்கே தொடங்குகிறது என்பதை முதல் மணி அடித்ததும் சொல்லிவிடுகின்றன. தொல்காப்பியர் சொற்படி நோக்கினால் இவை செம்பொருளை அடுத்தவை. 'விக்ரம்' பழிகரப்பு வழியில் போக விரும்பிற்று. வழியில் எங்கே மறைக்க வேண்டும், எங்கே காட்ட வேண்டும் என்பதில்தான் சறுக்கிற்று. பட்டாசுக்குத் திரி வைப்பதைப் போன்றது இது. திரி மிகக் குறுகினால் கொளுத்துபவன் கை கருகும்; மிக நீண்டால் கூடி நின்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அளவு அறிந்து திரி வைப்பது எங்கள் பக்கத்தில் தனித் தொழில்.

வேறொரு கட்சியும் உண்டு. 'விக்ரம்' அங்கதமே அன்று, ஒற்றர் படத்தைத் தமிழில் எடுக்கத் தெரியாமல் எடுத்தது, அதன் சிரிப்பெல்லாம் தற்செயல் என்பார்கள். இதனை நான் ஒப்பவில்லை. தற்செயலாக ஒரு மொழியை யாரும் உண்டாக்கமாட்டார்கள். சொல் சொல்லாக உட்கார்ந்து புனைந்து, நடிகர்களுக்குப் பயிற்றி, அதைத் தவறாகப் பெயர்த்துச் சொல்ல ஒருவரையும் நியமித்தவர்கள், சிரிப்பு வர வேண்டும் என்று கருதித்தான் செய்திருக்க வேண்டும். சுஜாதாவின் எழுத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் குறும்பு புதியதும் அன்று. ஆனால் எழுத்தில் ஒரு வரியில் கண்சிமிட்டலாம். திரையில் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கண்சிமிட்டுவது எளிதன்று.

காலம் செல்லச் செல்ல அந்தப் படத்தின் கூட்டம் மாறிற்று. தொலைக்காட்சியிலும் பின்னர்க் கைப்பேசியிலும் அதனைப் பார்த்த தலைமுறை, முழுக் கதையும் தெரிந்துகொண்டே பார்த்தது. சலாமியா வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குச் சலாமியா ஏமாற்றம் ஆகாது. அன்று குறை என்று தள்ளப்பட்ட பகுதியையே இன்று விரும்பித் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்துச் சிரிக்கின்றனர். திறவுகோல் முப்பது ஆண்டு தாமதமாகக் கைக்கு வந்தது போலும்.

2022 ஜூன் மாதம் லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் அதே கமல்ஹாசன், அதே விக்ரம் என்னும் பெயரில் திரும்பி வந்தார். வசூல் மழை பொழிந்தது. தலைமயிர் நரைத்த ஒற்றன், பேரப்பிள்ளையைக் காக்கும் கிழவன், முகமூடி மனிதர்கள், போதைப்பொருள், பீரங்கி எல்லாம் அதில் உண்டு. இளவரசி இல்லை, சுல்தான் இல்லை, நெளிந்து நெளிந்து மொழிபெயர்ப்பவரும் இல்லை. முதற்பாதியில் யாரை நம்பி அழுதோமோ அவரையே இறுதிவரை நம்பலாம். 1986-இல் பின்வரிசையிலிருந்து எழுந்த அந்தப் பெண்குரலுக்கு இந்தப் படத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது. முன்வரிசைப் பையன்கள் மட்டும், இன்று அவர்களும் நரைத்திருப்பார்கள், எங்கே சலாமியா என்று தேடியிருப்பார்கள்.